ஏழு ஆட்களுக்கு ஒரு பெயர்

எட்டாம் வகுப்பில் தவறியவன் நான். அதை எங்கேயும் மறைத்ததில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் எனக்கு வந்ததில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, மெக்கானிக்கல் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். டிப்ளமோ படித்தவர்கள் எனக்குக் கீழே இருந்தார்கள். என்ஜினியரிங் படித்து வந்தவர்களும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு போல்ட்டைத் தொட மாட்டார்கள். ஒரு பேரிங் கெடப் போகிறது என்றால் மீட்டர் காட்டுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே என் உள்ளங்கை சொல்லிவிடும். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை இது, அந்த ஆலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன மாதம், பெரம்பலூரில் மகன் வீட்டில் இருக்கும்போது ஆலையிலிருந்து போன் வந்தது. பராமரிப்புத் திட்டப் பிரிவில் இருக்கும் கார்த்திகா என்ற பொறியாளர் பேசினார். எந்த மெஷினில் என்ன ரிப்பேர், யார் செய்வது, யார் முடித்துவைப்பது என்பதையெல்லாம் பிரித்துக் கொடுக்கும் சாஃப்ட்வேரை மாற்றுகிறார்களாம்.

"பழசுல யாருக்கு என்ன ரோல்னு நீங்கதான் உக்காந்து போட்டுக் குடுத்தீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா. அதுல காண்ட்ராக்ட் ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பேர் இருக்கு. புதுசு போடுறவங்க, அவங்களை ஒரே குரூப்பா போட்டுட்டா வேலை சுளுவா முடியும்ங்கறாங்க. ஏன் தனித்தனியா வச்சீங்க?"

பதில் என் நாக்கில் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை.  எழுதித் தருகிறேன் அம்மா என்று மட்டும் சொன்னேன். அப்பா எழுதப் போறாராம் என்று வீட்டில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். எழுத்துப் பிழையை மருமகள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தை யாரும் திருத்தக் கூடாது.

எனக்குச் சொந்த ஊர் கீழப்பழுவூர். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். காணி நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் நின்றதும் நானும் ஆலைக்குள் காண்ட்ராக்ட் ஆளாக நுழைந்தேன். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது, முன்னால் சொன்ன முப்பத்தாறில் அது சேராது. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் ஆரம்பித்து வெல்டிங், ஃபிட்டிங், அலைன்மென்ட் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டேன். பிறகு நிரந்தரமானேன், பிறகு ஃபிட்டர், பிறகு ஃபோர்மேன். கைப்பிடித்துக் கூட்டிப் போனவர் ஒருவரும் இல்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எங்கள் வேலை எல்லாம் வாயால் நடந்தது. காலை எட்டு மணிக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் நான் நிற்பேன். நீ இங்கே போ, நீ அங்கே போ என்று சொல்வேன். முடித்தவன் வந்து சொல்வான், நான் தலையாட்டுவேன், வேலை முடிந்தது. மெஷினுக்குள் இறங்குகிற வேலை என்றால் மட்டும் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் அல்லவா, அதே மாதிரி. உள்ளே போகிறவன் தன் துண்டை அந்த மெஷினின் கதவுப் பிடியில் கட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் அவனேதான் அவிழ்ப்பான். இன்னொருத்தன் துண்டை அவிழ்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவதற்குச் சமம். கதவில் துண்டு இருக்கிறவரை யாரும் எதையும் ஓட்ட மாட்டார்கள். யார் ஆரம்பித்தது, எப்போது ஆரம்பித்தது என்பது எனக்கும் தெரியாது.

ஆளுக்கொரு பூட்டு கொடுத்து, மெஷினுக்குப் போகும் மின்சாரத்தை அவரவரே பூட்டிக்கொள்ளும் முறை அப்போது எங்களிடம் வரவில்லை. எலக்ட்ரீசியன் ஒருவர்தான் மின்சாரத்தை எடுத்துப் பூட்டுவார். நான் சொன்னால் திறப்பார். அப்படிப் பூட்டிக் கொடுப்பதற்குக் கிளியரன்ஸ் என்று பேர், அதைத் திருப்பினால் மின்சாரம் வரும்.

பராமரிப்புக்குத் தலைமை ஜெயராமன் சார். திருச்சிக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நிற்பார். நாம் சொல்வதைக் கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்பார். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். நாம் சொன்னதை, நம் வார்த்தையிலேயே, நிதானமாக நமக்குத் திருப்பிச் சொல்வார். கடைசியில், "இதானே சொன்னீங்க?" என்பார். அவ்வளவுதான். கத்துகிற மேனேஜர்கள் பத்துப் பேரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களையெல்லாம் எதிர்த்துப் பேசியும் இருக்கிறேன். இந்த மனிதருக்கு முன்னால் மட்டும் வார்த்தையை எண்ணி எண்ணித்தான் பேசுவேன். நம் வாயிலிருந்து போன வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்போது அதில் இருக்கும் ஓட்டை நமக்கே தெரிந்துவிடும்.

சாஃப்ட்வேர் போட வந்தது சென்னைக் கம்பெனியின் பெண், பேர் ஷாலினி. அவள் பெரிய வெள்ளைத் தாளில் கட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கம் ஆட்கள். மேலே வரிசையாக, கோளாறைப் பதிவு செய்பவர், சரிபார்ப்பவர், வேலையை ஒதுக்குபவர், செய்பவர், கிளியரன்ஸ் தருபவர், முடித்துவைப்பவர். யாருக்கு எது என்று டிக் போட வேண்டும். டிக் இருந்தால்தான் அவர் டேப்லெட்டில் அந்த பட்டன் தெரியும்.

அவள் ரோல் ரோல் என்றாள். கூத்தில் வேஷம் கட்டுகிற மாதிரியா என்று கேட்டேன். "அதேதாங்க சார். ஆளு மாறலாம், வேஷத்துக்கு உண்டான வேலை மாறக் கூடாது" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. ஆனால் கட்டத்தை நிரப்ப அவளுக்கு என்ன தெரியும்? மூன்று நாள் கூட்டம் நடந்தது. மூன்று நாளும் பேசினது நான்தான். நிரப்பினதும் நான்தான்.

ஒதுக்குகிறவரும் முடித்துவைக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று ஷாலினி சொன்னாள். எல்லா இடத்திலும் அப்படித்தானாம். வேலையைக் கொடுப்பதும் நான், வாங்குவதும் நான், இருபது வருடத்துக்கு மேலாக அப்படித்தான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றேன். இரண்டு டிக்கையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்து காண்ட்ராக்ட் ஆட்கள். சாஃப்ட்வேரில் ஒருவருக்குப் பேர் உண்டாக்க வேண்டுமென்றால் பணியாளர் எண் கேட்டது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அது கிடையாது, கேட் பாஸ்தான். வேறு வழி பார்க்கலாமா என்று ஷாலினி யோசித்தாள். எனக்குப் பொறுமை இல்லை. "ஒரு செட்டுக்கு ஏழு பேரு, அவங்களுக்கு எதுக்கும்மா தனித்தனியா? வந்தவன் வருவான், போனவன் போவான். 'காண்ட்ராக்ட் மெக்கானிக்கல் ஒண்ணு'ன்னு ஒரு பேரைப் போடு. மேஸ்திரி பாத்துக்குவாரு."

ஜெயராமன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "வந்தவன் வருவான், போனவன் போவான். அதனால ஏழு பேருக்கு ஒரு பேர் போதும். இதானே சொன்னீங்க?"

ஆமாம் சார் என்றேன். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். 

எலக்ட்ரிக்கல் பக்கமிருந்து வந்திருந்தவர் ரஹமத்துல்லா பாய். என் வயசுக்காரர், லப்பைக்குடிக்காட்டுக்காரர், பேச்சு குறைவு. மூன்று நாளில் அவர் வாயைத் திறந்தது ஒரே தடவை. கிளியரன்ஸைத் திருப்பித் தரச் சொல்லி மெசேஜ் வந்தால், 'செய்துவிட்டேன்' என்று ஒரு பட்டன்தான் தன் டேப்லெட்டில் இருக்கிறது என்றார். "இல்லைன்னு சொல்ல ஒரு எடம் வேணும்ங்க" என்றார்.

"எதுக்கு பாய்? நான் எடுக்கச் சொன்னா எடுக்கணும், போடச் சொன்னா போடணும். கல்யாண வூட்டுல பந்தி பரிமாறுறவன், இவருக்குச் சாம்பார் இல்லைன்னா சொல்லுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். இல்லை என்கிற பட்டன் வரவில்லை.

சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கியது. சுற்றுகிற மெஷின் பக்கத்தில் துணி தொங்கக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி அதே சமயத்தில் உத்தரவு போட்டார். நியாயமான உத்தரவுதான், துணி சிக்கினால் ஆளை இழுத்துவிடும். கதவில் துண்டு கட்டினால் கேட் பாஸ் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டியதோடு நிற்காமல் நானே மெஷின் மெஷினாகப் போய்த் துண்டுகளை அவிழ்த்துப் போட்டேன். எல்லாம் டேப்லெட்டில் இருக்கு, இனிமே துண்டு எதுக்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் ஆனது. சிமென்ட் மில்லை நிறுத்தி வேலை பார்த்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிமென்ட் மில் என்பது வீடு உயரத்துக்குப் படுத்திருக்கும் இரும்பு உருளை. உள்ளே இரண்டு அறை. இரண்டிலும் டன் கணக்கில் இரும்புக் குண்டுகள் கிடக்கும். உருளை சுற்றும்போது அந்தக் குண்டுகள் மேலே ஏறி விழுந்து கல்லை மாவாக்கும். ஒவ்வொரு அறைக்கும் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கதவு. ரிப்பேர் சமயத்தில் உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதற்குத் தனியாக ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் உள்ளே ஆள் இருந்தால் மெதுவும் வேகமும் ஒன்றுதான். குண்டுகள் சரிந்து மூடிவிடும்.

அன்றைக்குக் காண்ட்ராக்ட் மெக்கானிக்கல் ஒன்று, அதாவது ஏழு பேர். மேஸ்திரி ஆரோக்கியசாமி, வரதராஜன்பேட்டைக்காரர். முதல் அறையில் தகடு போல்ட்டுகளை முறுக்க வேண்டும். இரண்டாம் அறையில் நடுத் தடுப்பின் ஓட்டைகளில் சிக்கிய இரும்புத் துண்டுகளைத் தட்டி எடுக்க வேண்டும். இரண்டையும் அந்த ஒரே பேருக்கு நான் ஒதுக்கினேன். மேஸ்திரி தன் ஆட்களை நாலு, மூன்றாகப் பிரித்து இரண்டு அறைக்கும் அனுப்பினார்.

பதினொன்றரை வாக்கில் முதல் அறையிலிருந்து நாலு பேரும் வந்துவிட்டார்கள். கை கழுவத் தூரத்துக் குழாயடிக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரி ஸ்டோருக்குப் போயிருந்தார். எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. சிமென்ட் லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன என்று லோடு அனுப்பும் பிரிவிலிருந்து கால் மணிக்கு ஒரு போன். மில்லைக் கால் சுற்றுத் திருப்பினால் முதல் கதவு மேலே வரும், அதன் வழியாகப் புதுக் குண்டுகளைக் கொட்டிவிட்டால் சாயங்காலம் ஓட்டிவிடலாம்.

டேப்லெட்டை எடுத்தேன். முதல் அறை, காண்ட்ராக்ட் மெக்கானிக்கல் ஒன்று, முடிந்தது என்று தட்டினேன். அது பச்சையானது. கீழே இரண்டாம் அறையின் வரியும் பச்சையானது. ஒரே பேரில் இருந்ததால், அந்தப் பேர் வெளியே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, சாஃப்ட்வேர் இரண்டையும் சேர்த்து முடித்துவிட்டது. நான் தட்டியது ஒன்று. பச்சையானது இரண்டு. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அட, அதுவும் முடிந்துவிட்டதா, நல்லது என்று நினைத்தேன். பத்தடி தள்ளி, உருளைக்கு மறுபக்கம் இரண்டாம் கதவு. எட்டிப் பார்க்கவில்லை. முப்பது வருடம் உள்ளங்கையை நம்பினவன், அன்றைக்கு ஒரு நிறத்தை நம்பினேன்.

கிளியரன்ஸைத் திருப்பச் சொல்லி மெசேஜ் தானாகவே ரஹமத்துல்லா பாய்க்குப் போனது. ஐந்து நிமிடம் ஆயிற்று. மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை. போன் போட்டேன்.

"பாய், பச்சை வந்துருச்சா இல்லையா?"

"வந்துருச்சு ஃபோர்மேன். பாத்துட்டுப் போடுறேன்."

"என்னத்தப் பாக்கப் போறீங்க? பொண்ணா? போடுங்க பாய்."

போனை வைத்துவிட்டார். கன்ட்ரோல் ரூமிலிருந்து என்ன ஆச்சு என்றார்கள். லோடு அனுப்பும் பிரிவிலிருந்து மறுபடியும் போன். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டாவது தடவை பேசும்போது, சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே பேசினேன். "நான் ஃபோர்மேன் சொல்றேன், இப்பப் போடுங்க. இல்ல, சார்கிட்ட நேராப் போயிருவேன்."

"நீங்க சொன்னா போடணும்னுதான் டேப்லெட்டும் சொல்லுது. இல்லைன்னு சொல்ல அதுல எடமில்ல. அதான் நடந்து வரேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. மின் அறையிலிருந்து மில்லுக்கு இருநூறு அடி, நடுவில் இரண்டு படிக்கட்டு. அவருக்கு முட்டி வலி.

 பிறகு என் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில் அவர் குரல். சத்தமே இல்லாமல், பக்கத்தில் தூங்குகிற பிள்ளை முழித்துவிடும் என்கிற மாதிரி.

"ஃபோர்மேன், ரெண்டாம் கதவுல மூணு துண்டு கட்டியிருக்கு."

பத்தடிதான். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கதவின் உட்பக்கப் பிடியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, மூன்று துண்டுகள். ஒன்று பச்சைக் கட்டம், இரண்டு வெளுத்த காவி. பக்கத்து மில் ஓடுகிற இரைச்சலில் உள்ளே தட்டுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டேன். கத்திக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன். கூப்பிட என்னிடம் பேர் இல்லை. மூன்று பேரில் ஒருவன் பேர்கூட எனக்குத் தெரியாது.

"யாருப்பா உள்ள?"

இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நாங்கதாங்க."

"நாங்கன்னா யாரு?"

"காண்ட்ராக்ட்டுங்க."

மூன்று பேரும் ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே வந்தார்கள். முகமெல்லாம் சிமென்ட். கண் மட்டும் தெரிந்தது. ஒருவன் என்னைப் பார்த்து, டீ டைம் ஆயிடுச்சுங்களா என்று கேட்டான்.  இன்னொருவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு பாயின் முகத்தைப் பார்த்தான், சட்டென்று மூன்று துண்டையும் அவிழ்த்துப் பின்னால் மறைத்தான். அவன் பயந்தது மில்லுக்கு இல்லை. துண்டுக்கு.

 புதுக் குண்டுகள் இருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தேன். பாய் எதிரே நின்று முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் சத்தம் வாக்கிடாக்கியே தேவைப்படாமல் அந்தக் கோடி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார். கிண்டல்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம். கிளியரன்ஸ் தாமதம், பதினாலு நிமிடம், பொறுப்பு ரஹமத்துல்லா என்று சிவப்பில் போட்டு, ஜெயராமன் சாருக்கு சாஃப்ட்வேரே அனுப்பிவிட்டிருந்தது. லோடு அனுப்பும் பிரிவின் தலைவர் கோபமாக இருந்தார்.

பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு மணி வரை நடந்ததைவிட, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம் எனக்குக் கொடுமை. ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று பேரும் சாப்பிட்டுக்கூட முடித்திருப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது பதினாலு நிமிடத் தாமதம், அவ்வளவுதான். வாயைத் திறந்தால், படிக்காதவன் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஆலை முழுக்கப் பேசும். அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் முப்பது வருடம் ஓடினேன்.

ஏன் தாமதம் என்று சார் பாயைக் கேட்டார்.

"பாக்கப் போனேன் சார். முட்டி வலி, மெதுவாத்தான் நடக்க முடியும்."

அவ்வளவுதான் சொன்னார். துண்டு என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை. ஏன் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. துண்டு கட்டியிருந்தது என்று சொன்னால் அந்த மூன்று பேரின் கேட் பாஸ் போய்விடும். அவர்களைக் காப்பாற்ற இந்த மனிதர் சிவப்பு மையைத் தன் பேரில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

எழுந்தேன். உட்காருங்க என்றார் சார். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தட்டினது, இரண்டும் பச்சையானது, போன் போட்டது, மிரட்டினது, துண்டு, அதை ஆறு மாதத்துக்கு முன்னால் நான் அவிழ்த்துப் போட்டது, அந்த ஒரே பேர் என் யோசனை என்பது எல்லாம். சார் குறுக்கிடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"மில்லுக்குள்ள மூணு பேர் இருந்தாங்க. நீங்க முடிஞ்சதுன்னு போட்டீங்க. மின்சாரம் குடுக்கச் சொல்லி ரெண்டு தடவை போன் பண்ணீங்க. அவரு குடுக்கல. இதானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அந்த மூணு பேரோட பேர் என்ன?"

நான் தரையைப் பார்த்தேன்.  அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார்.

எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான். சின்னது என்று நினைத்தேன். காண்ட்ராக்ட் ஆட்கள் தங்கும் கொட்டகைக்குப் போனேன். மூன்று பேரும் தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். பேர் என்ன என்று கேட்டேன். 

"பேரு எதுக்குங்க?" என்றான் ஒருவன்.

மேஸ்திரி ஆரோக்கியசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காண்ட்ராக்ட் ஆளிடம் பேர் கேட்பது கேட் பாஸை ரத்து செய்கிற அன்றைக்கு மட்டும்தானாம். இது எனக்குத் தெரியாததா? எனக்கும் ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தது. திரும்பி வந்து அவர்களிடம் அதையே சொன்னேன். நானும் ஒன்பது வருஷம் காண்ட்ராக்ட்டுதான்பா, இந்தக் கொட்டகையிலதான் சாப்பிட்டேன் என்றேன்.

"அப்படிங்களா" என்றான் அவன், மரியாதையாக. "யாரும் சொன்னதில்லீங்க."

ஆலை முழுக்க என் பெருமையை நானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்த ஒன்பது வருடத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன் போல. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தேன். துண்டுக்காக யார் மேலும் கை வைக்க மாட்டார்கள், அது என் பொறுப்பு என்று சொன்னேன். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சொன்னார்கள். செல்வராசு. முத்துக்கருப்பன். இன்னொரு செல்வராசு, அவனை எல்லோரும் சின்னவன் என்பார்கள். பெரிய செல்வராசு அந்த ஆலையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறான்.

ஷாலினி மறுபடியும் சென்னையிலிருந்து வந்தாள். அதே தாள், அதே கட்டம். இந்தத் தடவை நான் குறைவாகப் பேசினேன். கேட் பாஸ் எண்ணையே பணியாளர் எண்ணாக வைத்து, காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேருக்கும் தனிப் பேர் உண்டாக்கினோம். உள்ளே இறங்குகிறவன் தன் பேரைத் தானே தட்ட வேண்டும். வெளியே வந்து தானே எடுக்க வேண்டும். மேஸ்திரிக்கும் அந்த உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. ஒரு பேர் உள்ளே இருந்தாலும் வேலையை முடித்துவைக்கும் பட்டன் யாருக்கும் வேலை செய்யாது. ரஹமத்துல்லா பாய்க்கு 'இல்லை' என்று ஒரு பட்டன், சிவப்பு நிறத்தில், பெரிதாக. முடித்துவைப்பவர் கட்டத்தில் இருந்த என் டிக்கை, பேனாவை வாங்கி நானே அடித்தேன். பாய் தனக்கு முன்னால் இருந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். நடக்காமல் போன ஒன்றுக்கு என்னவென்று சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. கும்பிடாமலே கையை மட்டும் கூப்பிக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். இன்றைக்கும் பச்சை வெளிச்சத்தைக் கண்டால் எனக்கு ஒரு பதைப்பு வரும். சிக்னலில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நான் இரண்டு பக்கமும் பார்ப்பேன். பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

கார்த்திகா அம்மா, குரூப்பாகப் போட்டால் வேலை சுளுவாக முடியும் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். நான் போட்டபோதும் சுளுவாகத்தான் முடிந்தது. தனித்தனிப் பேர் என்றால் தாமதம் ஆகும், சண்டை வரும். ஒருவன் தன் பேரை எடுக்க மறந்துவிட்டு வீட்டுக்கே போய்விடுவான், அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அத்தனையும் எனக்கு நடந்தது. அடுத்த ஷட்டவுனிலேயே நடந்தது.

அதே மில். அதே இரண்டாம் அறை. லாரிகள் அன்றைக்கும் நின்றன. டேப்லெட்டில் ஆறு பேர் வெளியே, ஒரு பேர் உள்ளே. என் பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் என்ன கேட்பார்கள் என்று தெரியும், அதனால் எடுக்கவில்லை. கதவுக்குப் போய் முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டேன்.

"செல்வராசு."

"சொல்லுங்க ஃபோர்மேன்."

"முடிஞ்சுதாப்பா?"

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது, பிறகு தடுப்புக்குத் திரும்பியது. அவன் அவசரப்படாமல் எண்ணிப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு வரிசை இருக்குங்க. இருங்க."

அந்த ஆலையில் ஒரு காண்ட்ராக்ட் ஆள் ஃபோர்மேனை இருக்கச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

இருந்தேன்.